கேரி ஆப்லெட் ஹாதார்னுக்கும் ஆடியவர்

மிர்ட்டில்ஃபோர்ட் என்ற ஊர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய கால்பந்து வீரர் கேரி ஆப்லெட்டை ஜீலாங் கிளப் கண்டெடுத்தது, அதற்கு முன் அவர் பெரிய லீக்கில் (அன்று விஎஃப்எல், இன்று ஏஎஃப்எல்) ஆடியதே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி மட்டும் தவறு.

1982-லேயே அவர் அதே பெரிய லீக்கில் ஹாதார்ன் கிளப்புக்காக 6 ஆட்டங்கள் ஆடி 10 கோல் அடித்திருக்கிறார். அங்கே நிலைக்கவில்லை. 1983-ல் ஓவன்ஸ் அண்ட் மரே என்ற ஊர் லீக்கில் மிர்ட்டில்ஃபோர்டுக்கு ஆடினார், 1984-ல் ஜீலாங் வந்தார். அதாவது, மிர்ட்டில்ஃபோர்ட் ஆரம்பம் அல்ல, நடுவில் வந்த ஓராண்டு.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆட்டக் கணக்குகளைத் தொகுத்திருக்கும் ஏஎஃப்எல் டேபிள்ஸ் தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். (மகனுக்கும் அதே பெயர்தான், 1982-ல் தொடங்குகிறவர்தான் அப்பா.) முதல் வரியில் ஹாதார்ன் இருக்கும், 1983 என்ற வரியே இருக்காது. ஊர் லீக் ஆட்டங்கள் அந்தக் கணக்கில் சேராது. மொத்தம் 248 ஆட்டம், ஜீலாங்குக்கு 242. மிச்சம் அந்த ஆறுதான்.

அப்புறம், 1989 இறுதியாட்டத்தில் அவர் ஒன்பது கோல் அடித்தும் ஜீலாங் ஆறு புள்ளியில் தோற்றது இதே ஹாதார்னிடம்தான்!