‘லேக்’குன்னு சொல்லுத வாயைக் கொஞ்சம் மூடுங்க வே

ராஜா காலத்துப் போர்ப் படம், காலை 9 மணிக் காட்சி. இடைவேளை விட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பப்ஸ் வாங்குத வரிசையில நின்னுக்கிட்டே ஒருத்தன் போனை முகத்துக்கு நேரா தூக்குதான். "ஃபர்ஸ்ட் ஹாஃப் செம லேக் மக்களே, போரே வரல." லேக்னா இழுவையாம். சோலி முடிஞ்சுது. மத்தியானம் சோத்துல கை வைக்கதுக்குள்ள பாளையங்கோட்டையில கெளம்புன அந்தச் சொல்லு தென்காசி, வள்ளியூர், திருச்செந்தூர்னு ஒரு வாட்ஸப் குரூப் விடாமச் சுத்தி வந்துருது. சாயங்காலக் காட்சிக்குப் போறவன் டிக்கெட் எடுக்கும்போதே கொட்டாவி விட்டுக்கிட்டுதான் போறான்.

எந்தப் படம்னு பேர் சொல்லப் போறதில்ல. சோழனோ பாண்டியனோ, வெளிநாட்டுச் சிலுவைப் போரோ, ராஜா காலத்துப் போர்ப் படம் எது வந்தாலும் இதே கூத்துதான் நடக்கு.

ஏலே, போர்னா என்னன்னு நெனச்ச? வாளை உருவுனோமா, வெட்டுனோமா, வீட்டுக்கு வந்தோமான்னா? கணக்குப் போட்டுப் பாரு. தஞ்சாவூர்ல இருந்து தாமிரபரணிக் கரைக்கு ஒரு படை வரணும். இன்னைய ரோட்டுக் கணக்குல 350 கிலோமீட்டர் பக்கம். வண்டி, மாடு, யானை எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு நடக்க படை ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் போகும், மிஞ்சுனா 20. ஆக 20 நாள் நடை. ஆளுக்கு ஒரு கிலோ அரிசின்னு வச்சாலும் 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 10 டன், 20 நாளைக்கு 200 டன். ஒரு வண்டிக்கு அரை டன் ஏத்துனா 400 வண்டி. அந்த 800 மாட்டுக்கு வைக்கோல் யாரு சொமக்கது? யானை ஒண்ணுக்கு நாளைக்கு 150 கிலோ தழை வேணும், 100 லிட்டருக்கு மேல தண்ணி வேணும். இவ்வளவையும் ஊர்ல இருந்தே கட்டிக்கிட்டு வர முடியாது. போற வழியில இருக்க ஊர்க்காரன் களத்துல இருந்துதான் அள்ளணும்.

அப்ப படை எந்த மாசம் கெளம்புதுங்கதுலதான் பாதிப் போர் இருக்கு. மாசி பங்குனியில பிசானம் அறுத்து நெல்லு களத்துல குவிஞ்சு கெடக்கும்போது வந்தா சோறு உண்டு. ஐப்பசி கார்த்திகையில வந்தா ஆத்துல வெள்ளம், வயல்ல முழங்கால் சகதி, நாத்தைத்தான் புடுங்கித் திங்கணும். இதை ஒரு இயக்குநர் ரெண்டே சீன்ல, வசனம் இல்லாம, களத்துமேட்டையும் வண்டிச் சக்கரத்தையும் காட்டிச் சொல்லிட்டாருன்னா கையெடுத்துக் கும்பிடணும். நெல்லுக் களத்தைப் பார்த்தே வளர்ந்த நம்ம ஊர்க்காரனே அந்த சீனுக்குப் போனை நோண்டுதான். அவனுக்கு அது லேக்.

குதிரைக் கதை இன்னும் கேவலம். திரையில ஆயிரம் குதிரை புழுதி பறக்க ஓடுது. "கிராபிக்ஸ் தெரியுது"ன்னு ஒருத்தன், "ஹாலிவுட் தரம்"னு இன்னொருத்தன். அந்தக் குதிரை எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தனாவது கேட்டானா? வேற எங்க, நம்ம காயல் வழியாத்தான். தாமிரபரணி கடல்ல சேருத இடத்துக்குப் பக்கம், இன்னைக்குப் பழையகாயல்ங்கோம். 1986-ல தூத்துக்குடி பிரியுத வரைக்கும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். 13-ம் நூற்றாண்டுக் கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்காரு: ஹோர்முஸ், கிஷ், ஏடன்னு பாரசீக, அரபுக் கரைப் பக்கத்துக் கப்பல் எல்லாம் குதிரையோட காயலுக்கு வருது, இங்க இருக்க ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரம் குதிரைக்கு மேல வாங்குதாரு, வருஷக் கடைசியில நூறுகூட மிஞ்சல. ஏன்? வளக்கத் தெரியல. குதிரைக்குச் சோறும் கறியும் அவிச்சுப் போட்டிருக்காவ. வைத்தியம் பாக்க ஆள் இல்ல. விக்கவனும் அந்த ஆளைக் கூட அனுப்ப மாட்டான், குதிரை செத்தாத்தான அடுத்த வருஷமும் யாவாரம். இதை விடவா ஒரு சீன் வேணும்? இது இல்லியேன்னு ஒரு விமர்சகன் ஏங்கட்டும், அவன் காலைத் தொட்டுக் கும்பிடுதேன்.

அப்புறம் "ராஜா பொசுக்குனு செத்துட்டாரு, மாஸ் இல்ல"ன்னு ஒரு அழுகை. அந்தக் காலத்துல ராஜா அப்படித்தான்வே செத்தாரு. 949-ல தக்கோலத்துப் போர்ல சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேல இருந்தபடியே செத்தான். 1054-ல கொப்பத்துப் போர்ல சோழ ராஜா ராஜாதிராஜனும் அப்படியே. ‘யானைமேல் துஞ்சின தேவர்’னு கல்வெட்டே அவங்களை அந்தச் சாவை வச்சுத்தான் கூப்பிடுது. யானை மேல இருந்தாத்தான் படை மொத்தத்துக்கும் ராஜா தெரிவாரு. எல்லாருக்கும் தெரிஞ்சா எதிரி வில்லுக்காரனுக்கும் தெரியத்தான செய்யும்? அவர் சாஞ்சா படை சிதறும். கொப்பத்துல சிதறாததுக்குக் காரணம், தம்பி ரெண்டாம் ராஜேந்திரன் அதே களத்துலயே முடி சூடிக்கிட்டு நின்னது. வில்லனோட பத்து நிமிஷம் கட்டிப் பொரண்டு, மண்ணை அள்ளிக் கண்ணுல தூவி, கடைசி மூச்சுல வசனம் பேசிச் சாகதுக்கு அது சந்தைச் சண்டையா?

திட்டணும்னா திட்டதுக்கு ஆயிரம் இருக்கு, அதைத் திட்டு. பங்குனி வெயில்ல கழுத்துல இருந்து முட்டி வரைக்கும் இரும்புக் கவசம் மாட்டி ஓட விடுதான் பாரு, அதைக் கேளு. சோழர் காலக் கோயில் சிற்பத்துல இருக்க வீரன் பெரும்பாலும் வெத்து மார்போட, இடுப்புல கச்சை, கையில கேடயம் வாளோடதான் நிக்கான். தீ அம்பு விடுதான் பாரு, அதைக் கேளு. எண்ணெயில முக்குன துணியைச் சுத்துனா அம்பு கனத்துரும், தூரம் பாதியாப் போகும், காத்துல பாதி வழியில அணைஞ்சும் போகும். ஓலைக் கூரையைக் கொளுத்த அது ஆகும், ஆள் மேல விடதுக்கு இல்ல. மரத்துலயும் தோல்லயும் செஞ்ச உறையில இருந்து வாளை எடுத்தா ‘சரிங்’னு மணி அடிக்குமா? பத்தாம் நூற்றாண்டுல பீரங்கி ஏது? இது ஒண்ணும் கண்ணுல படாது. "பிஜிஎம் அள்ளுது, 3.5/5." வெளங்கும்.

இந்த லேக் கூப்பாட்டோட விளைவு என்ன தெரியுமா? ரெண்டாவது நாளே தயாரிப்பாளர் பயந்து பத்துப் பதினஞ்சு நிமிஷத்தை வெட்டிப் புதுசா அனுப்புதாரு. எதை வெட்டுவாவ? சண்டையைத் தொட மாட்டாவ, செலவு பண்ணுனது அதுலதான். பாட்டைத் தொட்டா ஆடியோ கம்பெனி பிடிச்சுக்கும். ஆக வெட்டு விழுகது அம்மா பிள்ளை பேசுத இடம், தளபதி தயங்குத இடம், அந்தக் களத்துமேட்டு சீன். மூணாவது நாள் பாக்கவன் என்ன எழுதுதான்? "எமோஷனல் கனெக்ட் இல்ல." எடுபட்ட மூதி, நீதான வெட்ட வச்ச!

வெளிநாட்டுலயும் இதே கததான். 2005-ல வந்த ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ 1187-ல ஜெருசலேம் விழுந்த கதை. தியேட்டருக்கு வந்தது 144 நிமிஷம். ராணி சிபில்லாவுக்கு ஒரு பிள்ளை இருந்து, அவனுக்கும் மாமன் மாதிரியே தொழுநோய் வருத பகுதியையே மொத்தமாத் தூக்கிட்டாவ. பிறகு ராணி ஏன் உடைஞ்சு போறான்னு பாக்கவனுக்கு எப்படிப் புரியும்? உள்ள உசுரு இல்லன்னு அன்னைக்கு விமர்சனம். அடுத்த வருஷம் ஏறக்குறைய 50 நிமிஷத்தைத் திரும்பச் சேர்த்து இயக்குநர் பதிப்பு வந்தது. இன்னைக்கு எல்லாரும் தேடிப் பாக்கது அதைத்தான். நீளம் கூடக் கூடப் படம் வேகமா ஓடுது. கனெக்டைக் காணோம்னு தேடுதவன் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நம்ம தாத்தா ஆச்சி எல்லாம் 1950-ல இருந்து 1954 வரைக்கும் மூணரை வருஷம், வாரம் ஒரு தடவை வருத பத்திரிகைக்குக் காத்துக் கெடந்து ‘பொன்னியின் செல்வன்’ படிச்சவங்க. பக்கத்தைக் கிழிச்சு பைண்டு பண்ணி பரண்ல வச்ச ஜாதி. பேரனுக்கு இருவது நிமிஷம் பொறுக்க மாட்டேங்கு.

இன்னொரு கோட்டித்தனம்: "ஒளிப்பதிவு இருட்டு, வசனம் கேக்கல." இதுல பாதிக் குத்தம் படத்து மேல இல்ல. 2டி படத்துக்குத் திரையில 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்க அலகு) வெளிச்சம் இருக்கணும்ங்கது அளவு. ப்ரொஜெக்டர்ல இருக்க செனான் பல்பு ஓட ஓட மங்கும். 1500 மணி நேரம் தாங்குத பல்புன்னா, நாளைக்கு அஞ்சு காட்சி, 15 மணி நேரம், 100 நாள்ல அதோட காலம் முடிஞ்சுது. மாத்துனா காசு. மாத்தாம ஓட்டுனா ராத்திரிப் பாசறை, தீவட்டி வெளிச்சம் எல்லாம் கரிச்சட்டி. 3டிக்குப் போட்ட வெள்ளித் திரையிலயே 2டியும் ஓட்டுனா நடுவுல பளீர்னு இருக்கும், ஓரம் செத்துப் போகும். சத்தம் அதுக்கு மேல. தியேட்டர் சத்தத்தைக் கூட்டிக் கொறைக்க சவுண்ட் ப்ராசஸர்ல 7-ங்கதுதான் ஸ்டுடியோவுல ஒலியைக் கலக்கும்போது வச்ச அளவு. விளம்பரம் காது கிழியுதுன்னு யாரோ புகார் சொல்ல, 5-ல எறக்கி அப்படியே விட்டுருவான். ஏறத்தாழ 7 டெசிபல் போச்சு. முரசு சத்தம் எப்படியோ தப்பிச்சுரும். ராஜா காதோட சொன்ன ரகசியம் ஏசி எரைச்சல்ல முங்கிரும்.

சோதிக்கதுக்கு ஒரு வழி இருக்கு. படம் போடுததுக்கு முன்னாடி சென்சார் சர்டிபிகேட் வரும்லா, அந்த வெள்ளையைப் பாரு. வெள்ளையா இல்லாம அழுக்கு வேட்டி மாதிரி பழுப்பாத் தெரிஞ்சா பல்புக்கு வயசாச்சு. நாலு மூலையும் நடுவும் ஒண்ணா இருக்கான்னு பாரு. இல்லன்னா எந்திரிச்சுப் போய் மேனேஜர்ட்ட கேளு. டிக்கெட்டுக்குக் காசு குடுத்துட்டு அங்க வாயைத் தொறக்க மாட்டான், வீட்டுக்கு வந்து ஒளிப்பதிவாளர் குடும்பத்தையே இழுப்பான்.

கடைசியா இந்த ‘எங்க ராஜா’ கோஷ்டி. சோழப் படம்னா பாண்டியன் கண்ணுல மை அப்பிப் பல்லைக் கடிக்க வில்லன். பாண்டியன் மண்ணுல உக்காந்து அதுக்கு விசில் அடிச்சுட்டு, வெளிய வந்து எங்க மன்னனை அவமானப்படுத்திட்டான்னு மல்லுக்கு நிக்காவ. பிறகு ராஜா எந்தச் சாதின்னு ஆரம்பிச்சு, படம் எங்க போச்சுன்னே தெரியாது. வே, அம்பாசமுத்திரம் கோயில்ல வட்டெழுத்துல ‘சோழன் தலை கொண்ட வீரபாண்டியன்’னு இருக்கு. அந்தப் பக்கம் போனா ஆதித்த கரிகாலன் ‘வீரபாண்டியன் தலை கொண்ட’வன். ரெண்டு பேருமே தலை கொண்டிருக்காவ. அது வெட்டுனதா, பணிய வச்சதான்னே பேச்சு இருக்கு. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில, அதாவது அவர் புகழ் பாடுத கல்வெட்டு வரியில, வருத ‘காந்தளூர்ச்சாலைக் கலமறுத்தருளி’ங்க மூணு சொல்லுக்கே அறிஞர்கள் இன்னும் அடிச்சுக்கிடுதாவ, ‘கலம்’ங்கது கப்பலா வேறயான்னு. நீ இடைவேளையில "வரலாறு தப்பு"ங்க. எந்தக் கல்வெட்டுன்னு கேட்டா ரீல்ஸ் லிங்க் அனுப்புத.

அந்த பப்ஸ் வரிசை ஆளு என்ன ஆனான்னு கேக்கேளா? ரெண்டாம் பாதியில முரசு கொட்டி, ரெண்டு படையும் எதிரெதிரா நின்னுச்சு. போரே வரலன்னவன் எந்திரிச்சான். படம் விட்டா பார்க்கிங்ல வண்டி எடுக்க முடியாதாம்.