அந்த 12ம் 100ம் ஒன்றுதான்

கோத்தகிரியில் 100 எம்.பி. இணையத் திட்டத்துக்குப் பணம் கட்டினால் பதிவிறக்கத்தில் 12தான் காட்டுகிறது, மலையில் இருப்பவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது அண்ணா. ஆனால் இந்தக் கணக்கு தவறு.

இரண்டு எம்.பி.யும் வேறு வேறு. திட்டத்தில் சொல்வது மெகாபிட். கோப்பு இறங்கும்போது திரையில் வருவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள், 12.5 வரும். அப்படியென்றால் உங்களுக்கு வேகம் ஏறக்குறைய முழுதாகவே வருகிறது.

ஆங்கிலத்தில் சின்ன பி பிட், பெரிய பி பைட். நம் எழுத்தில் சின்னது பெரியது கிடையாது, ‘எம்.பி.’ என்று எழுதியதுமே அந்த ஒரே அடையாளமும் போய்விடுகிறது. இப்படிக் கலந்துவிடும் என்ற கவலை 1956லேயே இருந்தது. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் வெர்னர் புக்ஹோல்ஸ் ‘பைட்’ என்ற சொல்லை உருவாக்கியபோது, பிட்டோடு குழம்பக் கூடாதென்றே ஐ வரவேண்டிய இடத்தில் ஒய் வைத்தார். சுருக்கி எழுதும்போது அந்த ஒய்யே காணாமல் போகிறது.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்து கிடப்பது இங்கே உண்மையான பிரச்சினை. அதற்குக் கட்டாயம் புகார் கொடுக்க வேண்டும். 12ஐக் காட்டிப் புகார் கொடுத்தால் இந்த வகுத்தலைச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேகச் சோதனையில் மெகாபிட் எண்ணைப் பாருங்கள். அது 100க்கு வெகுவாகக் குறைந்தால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கேளுங்கள்.