திமிங்கலச் சுறா மனுசன முழுங்குமா?

"திமிங்கலச் சுறா வாயத் தொறந்தா ஆளையே முழுங்கிடும், 3000 பல்லு இருக்கு"ன்னு ஒரு வீடியோ குரூப் குரூப்பா சுத்துது, தப்புங்க அது. வாய் 1.5 மீட்டர் வரைக்கும் அகலம்தான், பல்லும் ஆயிரக்கணக்குல இருக்கு, ஆனா அரிசி மணி மாதிரி குட்டிப் பல்லு, அத வச்சு அது கடிக்கிறதும் இல்ல மெல்லுறதும் இல்ல.

தண்ணியோட மிதவை உயிரி (கடல்ல மிதக்குற குட்டிக் குட்டி உயிருங்க), மீன் முட்டை, சின்ன மீனெல்லாம் சேர்த்து உள்ள இழுக்கும், செவுள் பக்கம் சல்லடை மாதிரி இருக்குற பகுதி இரையத் தடுத்து நிறுத்தும், தண்ணி மட்டும் செவுள் வழியா வெளிய போயிடும். சல்லடை அடைச்சுக்கிட்டா இருமுற மாதிரி தண்ணியத் திருப்பித் தள்ளும், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும்! தொண்டை ரொம்பக் குறுகல், ஆள் உள்ள போகவே முடியாது.

புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோட இணையதளத்துல பாத்துக்கலாம். 2016லயே ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல அழியுற ஆபத்துல இருக்குன்னு சேர்த்த உயிர் இது, வீணா பயத்தக் கிளப்பாதீங்க, அந்த வீடியோவ ஃபார்வேர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ்.