வீடு குடுத்தாச்சு, பிறகு ஆர் பாக்கிறது?

இலங்கை வடக்கில வீட்டுத்திட்டத்தில வேலை செய்துகொண்டே வீட்டு முகாமைத்துவம், அதாவது வீடு குடுத்த பிறகு அதைப் பராமரிக்கிற, முறைப்பாடு கேட்டுத் திருத்துவிக்கிற தொழில், படிக்கிறன் எண்டு சொன்னா எங்கட சனம் கேக்கிறது ஒரே கேள்விதான். "வீடு கட்ட மேசன் இருக்கிறான், பாக்க ரீ.ஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) இருக்கிறார், இதில படிக்க என்ன பிள்ளை கிடக்கு?" சொந்தக்காரர் கேட்டாப் பரவாயில்லை, வருசக்கணக்கா என்னோட ஃபீல்டுக்கு வாற ஆக்களே கேக்கினம். அதாலதான் இண்டைக்கு நீட்டி எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

நான் படிக்கிறது இங்கிலாந்துப் பாடத்திட்டம், ஒன்லைன்ல. பகல் முழுக்க வெயிலுக்குள்ள காணி காணியாத் திரிஞ்சு வந்து, பிள்ளையளைப் படுக்க வச்சிட்டு, பிறகு லப்டொப்பைத் திறக்கிறது. லீவு கேட்டா "இது உங்கட சொந்தப் படிப்பு" எண்டு சொல்லிட்டினம், ஆனா அதே ஒஃபிசில பயனாளிகளின்ர முறைப்பாட்டுக்குப் பதில் எழுத ஆள் தேவைப்பட்டா என்னைத்தான் கூப்பிடினம், ஏனெண்டா நான் படிக்கிறனாம். சரி அதை விடுங்கோ, சொல்ல வந்தது வேற.

அங்கத்தைய முறையில வசதி குறைஞ்ச சனத்துக்கான வீடு கவுன்சிலுக்கோ (உள்ளூராட்சி சபை) ஹவுசிங் அசோசியேசனுக்கோ (லாபநோக்கில்லாத வீட்டுச் சங்கம்) சொந்தம், இருக்கிறவை வாடகை கட்டுவினம், கூரை ஒழுகினா வீட்டுக்காரர் எண்ட முறையில அந்த நிறுவனம்தான் வந்து திருத்தவேணும். இந்தத் தொழிலின்ர தொடக்கத்தைப் படிக்கேக்க ஒக்டேவியா ஹில் எண்ட பெண்மணியைப் பற்றி வரும். 1865ல லண்டன் மேரிலபோன்ல மூண்டு பழைய வீடுகளைப் பொறுப்பெடுத்து நடத்தத் தொடங்கினவா, எழுத்தாளர் ஜோன் ரஸ்கின் காசு போட்டு வாங்கிக் குடுத்தது. கிழமைக்கு ஒருக்கா வாடகை வாங்கத் தானே நேர போவா. போற சாட்டில எந்தக் கதவு உடைஞ்சிருக்கு, எந்தப் பிள்ளைக்கு வருத்தம், ஆருக்கு இந்தக் கிழமை வேலை இல்லை எண்டெல்லாம் அறிஞ்சுகொண்டு வருவா, சேருற காசில திருத்தவேலை நடக்கும். பிறகு இந்த வேலைக்கெண்டே பெண்களைப் பழக்கி எடுத்தவா. அவா கண்டிப்பான ஆள், வாடகை பிந்தினாப் பொறுக்கமாட்டா, அதில எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனா 160 வருசத்துக்கு முதலே ஒருத்திக்கு வீடு எண்டா கல்லும் சீமெந்தும் மட்டுமில்லை, கிழமைக்குக் கிழமை போய்ப் பாக்கிற வேலை எண்டு விளங்கியிருக்கு. எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை எண்டதுதான் என்ர ஆத்திரம்.

சீமையில எல்லாம் சரியா நடக்குது எண்டு நான் சொல்லவே மாட்டன். 2017 ஜூன்ல லண்டனில கிரென்ஃபெல் எண்ட மாடிக்கட்டடம் எரிஞ்சு 72 பேர் செத்தவை, அங்க இருந்த சனம் நெருப்புப் பாதுகாப்பைப் பற்றி முதலே சொல்லிச் சொல்லிக் களைச்சதுகள். 2020 டிசம்பர்ல ரொச்டேல் எண்ட ஊரில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயசுப் பிள்ளை, வீட்டுச் சுவரில பிடிச்ச பூஞ்சணத்தால மூச்சுக்குழாய் பாதிச்சுச் செத்துப்போச்சு. தகப்பன் சூடானில இருந்து வந்த மனுசன், முறைப்பாடு செய்யச் செய்ய அவருக்குக் கிடைச்ச பதில் மேலால பெயின்ற் அடியுங்கோ எண்டது. இதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்லை, ஏனெண்டா கார்த்திகை மழைக்குப் பிறகு நாங்கள் ஃபீல்டில சொல்லுறதும் இதைத்தான். உள்சுவர் கறுத்துப்போய், கையை வச்சா மாவு மாதிரி உதிரும், மூலையில தொட்டில் கட்டியிருக்கும், "சுண்ணாம்பு ஒருக்கா அடிச்சுவிடுங்கோ அம்மா" எண்டு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவினம். அங்க அந்தப் பிள்ளையின்ர சாவுக்குப் பிறகு 2023ல சட்டம் வந்தது, பிள்ளையின்ர பேராலயே அதில ஒரு பகுதி. 2025 ஒக்ரோபரில இருந்து நடைமுறை. அவசர ஆபத்து எண்டா 24 மணித்தியாலத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கவேணும், மற்றப்படி ஈரம், பூஞ்சணம் மாதிரிப் பெரிய ஆபத்து எண்டா 10 வேலைநாளுக்குள்ள வந்து பாத்தாகவேணும். அதே 2023 சட்டம்தான் வீட்டு முகாமைத்துவத்தில மேல்மட்டத்தில இருக்கிறவை இந்தத் துறையில படிச்ச தகைமையோட இருக்கவேணும் எண்டும் கொண்டுவந்தது.

இனி எங்கட பக்கம். 1978ல லட்சம் வீட்டுத்திட்டம், 1979ல தேசிய வீடமைப்பு அதிகார சபை, 80களில பத்து லட்சம் வீட்டுத்திட்டம், போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம். இந்தியன் திட்டத்தில வடக்கு கிழக்குக்கு மட்டும் 46,000 வீடு, வீட்டுக்கு அஞ்சரை லட்சம் ரூபா, பெரும்பாலும் பயனாளியே கட்டவேணும். அத்திவாரம், சுவர், கூரை எண்டு கட்டம் கட்டமாக் காசு விழும். தன்ர வீட்டைத் தானே நிண்டு கட்டின பெருமை சனத்துக்கு இருக்கு, அந்த முறையை நான் குறை சொல்லேல்லை, குத்தகைக்காரர் கட்டிக் குடுத்ததைவிட எத்தினையோ மடங்கு நல்லம். 2016ல 65,000 இரும்பு வீடு எண்டு ஒரு கதை வந்து, கல்வீடுதான் வேணும் எண்டு எங்கட சனமும் சில பொறியியலாளரும் எதிர்த்து நிண்டதும் ஞாபகம் இருக்கும். ஆக எங்கட சண்டை எல்லாம் என்ன வீடு, எத்தினை வீடு, பயனாளித் தெரிவில ஆருக்கு எத்தினை புள்ளி எண்டதிலேயே முடியுது. திறப்புக் குடுத்து, கல்வெட்டுத் திறந்து, படம் எடுத்து முடிய ஃபைலை மூடிடுவினம்.

இங்க வாடகை இல்லை, வீடு பயனாளிக்கே சொந்தம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சொந்தம் எண்டு குடுக்கேக்க வீட்டோட அத்தினை பொறுப்பையும் ஏழைச் சனத்தின்ர தலையிலேயே இறக்கிட்டுப் போறம். கூரை கழண்டா, சுவர் வெடிச்சா, கக்கூஸ் குழி நிரம்பினா ஆரிட்டச் சொல்லுறது? விதானையாரிட்டச் சொன்னா டீ.எஸ் ஒஃபிசுக்குப் (பிரதேச செயலகம்) போகச் சொல்லுவார், அங்க போனா திட்டம் முடிஞ்சுது எண்டுவினம், பிரதேச சபைக்குப் போனா தனியார் காணிக்குள்ள நாங்கள் என்ன செய்யிறது எண்டு கேப்பினம். ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, ஒவ்வொருத்தரும் தங்கட கடதாசியில இருக்கிறதைத்தான் சொல்லுகினம், அந்தக் கடதாசியில ஒண்டிலயும் இந்த வேலை இல்லை.

கக்கூஸ் குழி எண்டு சும்மா சொல்லேல்லை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மண், மேல ஊத்தினது கீழ போய்ச் சேர நாள் செல்லாது, எங்களில கனபேருக்கு இன்னும் குடிக்கிறது கிணத்துத் தண்ணிதான். கிணத்துக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேணும் எண்டு பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுவார். ஒரு பரப்புக் காணியை எடுத்துப் பாருங்கோ, அது சதுரமா இருந்தாலே பக்கத்துக்கு 52 அடிதான். அதுக்குள்ள வீடு, குழி, கிணறு, பக்கத்துக் காணிக்காரன்ர கிணறு வேற. காணியில்லாத சனத்துக்குத் துண்டு துண்டாப் பிரிச்சுக் குடுத்த இடங்களில போய் நிண்டு பாத்தா வேலிக்கு அங்கால கிணறு, இங்கால குழி. கட்டேக்க எல்லாம் சரியெண்டு கையெழுத்து வச்சாச்சு. பத்து வருசம் போய்க் குடும்பம் பெருத்து, மகள் கலியாணம் கட்டி அதே வளவுக்குள்ள இன்னொரு அடுப்பு மூட்டேக்க அந்தக் கணக்குப் பிழைக்குது. அதைப் போய்ப் பாக்க ஒரு ஆள் வேணும், குழியை நேரத்துக்கு பவுசர் பிடிச்சு எடுக்கச் செய்யவும், தண்ணியைச் சோதிக்கக் குடுக்கவும், நாலு வீட்டுக்குச் சேத்து ஒரு ஒழுங்கு செய்யவும். நான் சொல்லுற முகாமைத்துவம் இதுதான், கோட்டு சூட்டுப் போட்ட வேலை இல்லை.

இன்னொண்டு, அங்கத்தைய பாடப்புத்தகத்தில வராதது. ஒரு அக்கா, வலிகாமம் பக்கம், சீதனக் காணியில திட்டத்தால கிடைச்ச வீடு, உறுதி அவாவின்ர பேரிலதான். புருசன் 2009ல காணாமல் போனவர். மகள் பெரிசாகிட்டாள், ஒரு அறை கூட்டிக் கட்டவேணும், காணியை ஈடு வச்சு லோன் எடுக்கப் போனவா. தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டத்துக்குக் கீழ வாற கலியாணம் கட்டின பெண், தன்ர சொந்த அசையாச் சொத்தை விக்கவோ ஈடு வைக்கவோ புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், 1911ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. மரணச் சான்றிதழ் எடுக்க அவாவுக்கு மனமில்லை, என்னெண்டு வரும் சொல்லுங்கோ. காணாமல் போனதுக்கான சான்றிதழ் தாற சட்டம் 2016ல வந்தது, அதை எடுத்து வச்சிருந்தவா. கவுண்டரில இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டிட்டார். அவா நேர எங்கட ஒஃபிசுக்கு வந்து அந்த பிளாஸ்டிக் ஃபைலை மேசையில வச்சிட்டு, "தங்கச்சி, வீடு என்ர எண்டுதானே அண்டைக்கு மைக்கில சொன்னவை" எண்டா. நான் என்ன சொல்லுறது. சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனன், அது என்ர வேலைப் பட்டியலில இல்லை, அண்டைக்கு ஃபீல்ட் றிப்போட்டில என்ன எழுதுறது எண்டும் தெரியேல்லை.

படிப்பு எனக்கு என்ன தந்தது எண்டு கேட்டா, இப்பிடியான அலைச்சல் எல்லாம் ஒரு தொழில், மனமிரங்கிச் செய்யிற உதவி இல்லை எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லுற துணிவைத் தந்தது. முறைப்பாட்டை எப்பிடிப் பதியிறது, எத்தினை நாளுக்குள்ள பதில், பதில் பிடிக்கேல்லை எண்டா அடுத்து ஆரிட்டப் போறது, திருத்த வேலைக்கு முதல் எந்த வீடு எண்டு எப்பிடித் தீர்மானிக்கிறது, இதுக்கெல்லாம் முறை இருக்கு, எழுதி வச்சிருக்கினம். அதேநேரம் ஃபீல்டில நிக்காமல் இதை மட்டும் படிச்சவருக்கு ஒண்டும் பிடிபடாது எண்டும் சொல்லுவன். அசைன்மென்ற்றில வாடகைப் பாக்கி பற்றிக் கேட்டிருந்தவை, நான் எழுதினது கடன் பற்றி. அஞ்சரை லட்சம் போதாமல் தாலிக்கொடியை அடகு வச்சுக் கூரை போட்ட குடும்பங்கள், 2018, 2019ல தொடங்கின வீடுகளுக்கு ஆட்சி மாற மிச்சக்காசு நிண்டுபோய், அரைச்சுவரோடயும் கடனோடயும் நிண்ட குடும்பங்கள், நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில. அவன் மட்டும்தான் எங்கட கிராமங்களில கிழமை தவறாமல் வீட்டுக்கு வாற ஆள், இதை எழுதேக்கையே எனக்கு வயிறு எரியுது.

எங்களைப் போல ஆக்களைப் பற்றியும் சொல்லவேணும். சமூக அணிதிரட்டுநர், கள உத்தியோகத்தர் எண்டு நிறையப் பேர், கனபேர் பொம்பிளையள், எல்லாம் கொன்ராக்ட். எந்த வீட்டில ஆர் படுக்கையில, எந்தக் காணியில வழக்கு, எந்தக் கிணத்தில உப்பு எண்டு அவைக்குத்தான் தெரியும். திட்டம் முடிய அவையும் வீட்டுக்கு, அவைக்குத் தெரிஞ்சதும் வீட்டுக்கு. அடுத்த திட்டம் வர புதுசா ஒரு பிள்ளை புதுக் கொப்பியோட வந்து அதே கேள்வியை அதே அம்மாட்டக் கேக்குது. மேசன்மாருக்கு அனுபவத்தைப் பாத்து என்.வீ.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் குடுக்கினம், நல்ல விசயம். அதே மாதிரி இந்தக் களவேலை செய்தவைக்கும் அனுபவத்தைக் கணக்கெடுத்து, தமிழில, சனி ஞாயிறில வந்து படிக்கக்கூடியதா ஒரு பாடநெறி ஏன் வைக்கேலாது? தேசவழமை, காணி உறுதி, நிலத்தடி நீர், கடன், முறைப்பாடு, இந்த அஞ்சையும் வச்சாலே போதும், பாதி அறிவு படிக்க வாறவையிட்டையே இருக்கு. யாழ் பல்கலைக்கழகத்தில இருக்கிறவை, பயிற்சி நிறுவனங்களில இருக்கிறவை வாசிச்சா யோசியுங்கோ. வேலை குடுக்கிறவை, கிழமையில அரை நாளாவது படிக்க விடுங்கோ.

இப்ப நான் செய்யிற புரொஜெக்ட், வீட்டுத்திட்டக் கிராமம் ஒண்டில கிராம அபிவிருத்திச் சங்கத்தோட சேந்து திருத்தவேலைப் பதிவேடு ஒண்டு வைக்கிறது, மாசம் கொஞ்சக் காசு சேத்து அவசரத்துக்குக் கூரைச்சீற், பைப் வாங்க ஒரு நிதியும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் இப்பிடி ஆரும் நடத்திப் பாத்திருந்தா கொமன்ற்றில எழுதுங்கோ. காசைச் சேத்தது ஆர், கணக்கு வச்சது ஆர், குழம்பினா எதில குழம்பினது எண்டு கட்டாயம் சொல்லுங்கோ, எனக்கு அதுதான் தேவை.