என் அடுப்படிச் சுவரில் ஸ்ட்ராபெரியை ஒட்டச் சொன்னது யார்?

ஆறு வருஷமாக ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரியைப் பார்த்துக்கொண்டே சாம்பாருக்குத் தாளிக்கிறேன். இன்று காலையும் அப்படித்தான். பொறுத்தது போதும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சென்னைப் புறநகரில் கடன் வாங்கி வாங்கிய ஃபிளாட். சாவி கையில் வந்த அன்றைக்குத்தான் சமையலறைச் சுவரையே பார்த்தேன். மேடைக்கு மேல் 2 அடி உயரத்துக்கு டைல்ஸ், ஒன்று விட்டு ஒன்றில் படம். ஸ்ட்ராபெரி, ஆவி பறக்கும் காபிக் கோப்பை, பச்சைத் திராட்சைக்குப் பக்கத்தில் ஒயின் கிளாஸ். குளியலறை இன்னும் மோசம். 7 அடிக்கு டைல்ஸ். கீழே கருநீலம், மேலே வெளிர்நீலம், நடுவில் வரிசையாகத் துள்ளும் டால்பின்கள். ஐந்தடிக்கு ஏழடி அறையில் எட்டு டால்பின்! உள்ளே போனாலே மூச்சு முட்டுகிறது.

டைல்ஸ் கடையில் இந்தப் படக் கல்லுக்கு ஹைலைட்டர் என்று பெயர். டார்க், லைட், ஹைலைட்டர் மூன்றும் சேர்ந்து ஒரு செட். நம் ஊரில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. டிஜிட்டல் பிரிண்டிங் வந்த பிறகு எந்தப் புகைப்படத்தையும் கல்லில் அச்சடித்துவிடலாம். அப்படிப்பட்ட வசதி இருந்தும் திரும்பத் திரும்ப அதே ஸ்ட்ராபெரி, அதே கோப்பை. ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு முருங்கைக்காய், ஒரு வாழைப்பூ யாருக்கும் தோன்றவில்லை. நான் சமைக்கும் எதுவுமே என் சுவரில் இல்லை.

பில்டரிடம் கேட்டேன். "எல்லா வீட்டுக்கும் ஒரே செட்தான் மேடம், மொத்தமா எடுத்தாச்சு" என்றார்கள். ஹால் தரைக்கு நாலு மாதிரி காட்டினீர்களே! வாசல் கதவுக்குக்கூட டிசைன் கேட்டீர்களே! விருந்தாளி கண்ணில் படுகிற இடத்துக்கெல்லாம் விருப்பம் கேட்கத் தெரிகிறது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் நான் நிற்கிற சுவருக்கு மட்டும் ஏன் கேட்கத் தோன்றவில்லை? சமைக்கிறவளுக்குக் கண் இல்லை என்று நினைத்துவிட்டீர்களா?

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்கிறார்கள். ஹாலில் மாட்டிய படம் என்றால் ஆணியோடு கழற்றிவிடலாம். இது சிமெண்டில் பதித்த கல். உடைத்தால் பூச்சும் சேர்ந்து பெயரும். குளியலறையில் சுவருக்குள்ளேயே பைப் ஓடுகிறது. உளி தவறிப் பட்டால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். இருக்கிற கல்லின் மேலேயே இன்னொரு கல் ஒட்டலாம் என்றார் மேஸ்திரி. அப்படிச் செய்தால் சுவர் தடித்துவிடும், ஸ்விட்ச் பாக்ஸ், குழாய் எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன்.

சரி, மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆன்லைனில் வினைல் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். அடுப்புச் சூட்டில் இரண்டே மாதத்தில் ஓரம் சுருண்டது. சுருண்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதற்குப் பின்னால் கரப்பான் குஞ்சுகள். பிய்த்து எடுத்த பிறகு பசையைச் சுரண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. டால்பின்களை மறைக்க அழகான தாமரைப் படம் ஒன்று வாங்கி மாட்டினேன். 'குளியலறைக்கு ஏற்றது' என்று எழுதித்தான் விற்றார்கள். வந்தது எம்டிஎஃப் பலகை. மர நாரை அழுத்திச் செய்யும் பலகை அது, ஈரத்தைக் குடித்தால் ஊதும். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் விளிம்பு அப்பளம் மாதிரி பொங்கிவிட்டது. பின்பக்கம் பூஞ்சை. ஈர அறையில் மாட்ட உலோகத்தகடோ, அக்ரிலிக்கோ, சுட்ட களிமண்ணோ கொடுக்க வேண்டும் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியாதா? எந்தப் பொருளில் செய்தது என்று பெட்டியின் மேல் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

என் பாட்டி வீட்டு அடுப்படிச் சுவர் கரி பிடித்துத்தான் இருக்கும். அதில் கரித்துண்டால் பால் கணக்கு எழுதியிருப்பாள். தை பிறப்பதற்கு முன் சுண்ணாம்பு அடித்ததும் எல்லாம் வெளுத்துவிடும், அப்புறம் அவள் விருப்பத்துக்கு மாக்கோலம் போடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சுவர் அவள் கைக்குத் திரும்பி வந்தது. என்னுடையது யாரோ ஒருவர் ஒரு மத்தியானத்தில் பத்து நிமிஷத்தில் முடிவு செய்தது. இந்த வீட்டில் இருக்கிற வரை நான் அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் தங்கை ஃபிளாட் பதிவு செய்யப் போனாள். நானும் கூடவே போனேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் ஒரே நிற வெள்ளை, ஹைலைட்டர் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். "சுவர் மொட்டையா இருக்குமே அக்கா" என்று பில்டர் ஆபீஸ் பையன் தயங்கினான். இருக்கட்டும், எழுதுப்பா என்றேன். அவன் எழுதி, சீல் வைத்துக் கொடுத்த பிறகுதான் தங்கையைக் கையெழுத்துப் போட விட்டேன்.