வந்தவனில்தான் பிழையாம்

இங்கே ஜேர்மனியில், சனிக்கிழமை எங்கள் சங்கத்தின் கூட்டத்தில் மண்டபத்தில் நடந்ததை நான் திரும்ப விளக்கப் போவதில்லை. வீடியோ எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. "ஐரோப்பிய ஒன்றியம் உடையப் போகுது, உடைக்கிறது உவங்கள் அகதியள்தான், ஏ.எஃப்.டிக்குப் போட்டால்தான் நாடு உருப்படும்" என்று ஓர் அண்ணை மைக்கைப் பிடித்துச் சொன்னார். ஏ.எஃப்.டி என்றால் வந்தேறிகளை எதிர்க்கிற ஜேர்மன் தீவிர வலதுசாரிக் கட்சி. சொல்லட்டும், வாய் அவருடையது. முன்வரிசை கைதட்டியதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த வரிசையில் அசைலம் அடிக்காமல், அதாவது அகதித் தஞ்சம் கேட்காமல், இந்த நாட்டுக்குள் வந்த ஒருவரைக் காட்டுங்கோ பார்ப்பம்.

ஒன்றியத்துக்குப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்க இருக்கிறது. ஆனால் அது வந்தவனால் வந்த பிரச்சினை இல்லை. பங்குபோட மாட்டோம் என்று நிற்கிற நாடுகளால் வந்த பிரச்சினை.

டப்ளின் சட்டம் என்று ஒன்று இருப்பது நம்மில் அநேகருக்குத் தெரியும், கைரேகை வைத்த ஆக்களுக்கு நன்றாகவே தெரியும். 1990இல் கையெழுத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் முதலில் எந்த நாட்டுக்குள் கால்வைக்கிறாரோ, பொதுவாக அந்த நாடுதான் அவருடைய கேஸைப் பார்க்க வேண்டும். சரி, வரைபடத்தை விரித்துப் பாருங்கோ. கடலால் வருகிறவன் எங்கே கால்வைப்பான்? லக்சம்பேர்க்கிலா? இத்தாலி, கிரேக்கம், மால்ட்டா, ஸ்பெயின். 2013 ஒக்டோபரில் இத்தாலியின் லம்பெடுசாத் தீவுக் கரைக்குக் கிட்டப் படகு கவிழ்ந்து 360 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு இத்தாலி தன் கடற்படையை அனுப்பி ஒரு வருடமாக ஆட்களைக் கடலிலிருந்து தூக்கியது. மற்ற நாடுகளைப் பங்குக்குக் கூப்பிட்டுக் களைத்துப்போய் 2014 கடைசியில் விட்டுவிட்டது. அம்மாவை வைத்துப் பார்க்கிற ஒரு பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் போனில் புத்தி சொல்வதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதேதான். அந்த வீட்டில் சண்டை வந்தால் அம்மாவிலா பிழை?

2015இல் 12 இலட்சம் பேருக்கு மேல் ஒன்றியத்தில் அசைலம் கேட்டார்கள். அப்போது ஒன்றியத்தின் சனத்தொகை 50 கோடி. இத்தாலியிலும் கிரேக்கத்திலும் தேங்கியவர்களில் 160,000 பேரைப் பிரித்து எடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக், ருமேனியா எதிர்த்து வாக்களித்தன. கடைசியில் பிரித்து எடுத்தது 35,000க்குக் கிட்ட. 50 கோடிப் பேர் சேர்ந்து 160,000 பேரை வைத்திருக்க ஏலாமல் போனதாம், அதற்குப் பழி அந்த 160,000 பேரில்!

இதே ஒன்றியம்தான் 2022இல் உக்ரேன்காரருக்கு, 2001இல் எழுதிவைத்து ஒருநாளும் தூசுதட்டாத சட்டத்தை எடுத்து, போர் தொடங்கிக் கிட்டத்தட்ட ஒரு கிழமையிலேயே கதவைத் திறந்தது. 40 இலட்சம் பேருக்கு மேல். நேர்முகம் இல்லை, வருடக்கணக்கில் கேம்பில் கிடக்கத் தேவையில்லை, வந்த உடனே வேலை செய்யலாம். முந்திப் பிரித்து எடுக்க எங்களால் ஏலாது என்று நின்ற போலந்தே கிட்டத்தட்டப் பத்து இலட்சம் பேரை எடுத்தது. நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். அப்போ இடமும் இருந்தது, காசும் இருந்தது. "அவை ஐரோப்பியர், அது வேற" என்று எழுத வருகிற தம்பிமார், தாராளமாக எழுதுங்கோ. ஆனால் அந்த "வேற" என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கோ. நிறமா, சமயமா?

என் சித்தப்பா 1985இல் இலங்கையிலிருந்து வந்தவர். ஏஜென்சிக்குக் கட்ட ஆச்சியின் தோடும் ஒரு துண்டுக் காணியும் போனது. அப்போது பெர்லின் இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, பிறீட்ரிக் தெருவில் ரெயின் ஏறினால் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை, பார்த்தால் அதை ஓர் எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களுடைய அரசியல். அந்தச் சந்துக்குள்ளால்தான் நாங்கள் நுழைந்தோம். 1986 இலையுதிர் காலத்தில் அதையும் சாத்தினார்கள். மேடையில் நின்ற அண்ணையும் அதே ரெயினில் வந்தவர், ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அவரே சொல்கிற வீரக்கதை அது. இன்றைக்கு ஒரு ஆப்கான் பெடியன் பால்கன் பக்கத்தால் நடந்து வந்தால் அது படையெடுப்பு.

"நாங்கள் சண்டையால வந்தம், இவங்கள் காசுக்கு வாறாங்கள்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்களையும் அன்றைக்குப் பொருளாதார அகதி என்றுதான் சொன்னார்கள். ரிஜெக்ட் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக டுல்டுங்கில், அதாவது நாடுகடத்தலைத் தள்ளிவைத்த தற்காலிக நிலையில், இருந்த ஆட்கள் எத்தனை பேர் அந்த மண்டபத்தில்? சிரியாவில் நடந்தது என்ன, பட்டாசா?

"அப்ப சோலிங்கன்?" வரும் என்று தெரியும். 2024 ஓகஸ்டில் அந்த ஜேர்மன் நகரத்தில் ஒருவன் மூன்று பேரைக் கத்தியால் குத்திக் கொன்றான். சிரியாவிலிருந்து வந்தவன். கொலைகாரன், அதில் ஆனால் கீனால் ஒன்றும் இல்லை. ஆனால் அவனை டப்ளின் சட்டப்படி பல்கேரியாவுக்கு அனுப்ப உத்தரவு இருந்தது. ஒருமுறை போன அதிகாரிகள் ஆள் இல்லை என்று திரும்பினார்கள், தவணை கடந்துபோனது. பாருங்கோ, அதே உடைந்த சட்டம். ஆனால் கிடைத்த பரிசு என்ன? அடுத்த மாதமே ஜேர்மனி எல்லாத் தரைவழி எல்லைகளிலும் சோதனை போட்டது. 2025 ஜூலையில் போலந்தும் பதிலுக்குச் சோதனை போட்டது. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வலயம் உடைகிறது என்று அழுகிறவர்களுக்கு, உடைக்கிற கை யாருடையது என்று தெரியவில்லையாக்கும். சோலிங்கன் என்றால் எனக்கு இன்னொரு நினைவும் வரும், 1993 மே. அசைலம் உரிமையைச் சுருக்கிப் பாராளுமன்றம் வாக்களித்து மூன்றாம் நாள், ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தி பெண்களும் பிள்ளைகளுமாக ஐந்து பேரைக் கொன்றார்கள். அதைப் பற்றி மேடையில் ஒரு சொல் இல்லை.

பொருளாதாரம்? ரஷ்யாவின் மலிவு காஸை நம்பித் தொழிற்சாலை நடத்தியது அகதியா? 2013இல் கிரேக்கத்தில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லாமல் போனது அகதியாலா? 2023 டிசம்பரில் உக்ரேனுக்கான 5,000 கோடி யூரோவை ஒற்றை ஆளாக அன்றைய ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் மறித்தாரே, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் நகரும் என்ற விதியை எழுதினது லம்பெடுசாப் படகில் வந்தவனா? அகதிகளை வைத்து வாக்கு வாங்கி இத்தாலியப் பிரதமராக வந்த மெலோனி அம்மையாரே 2023 தொடக்கம் மூன்று வருடத்துக்கு நாலரை இலட்சம் வேலை அனுமதி ஒதுக்கினார். தோட்டத்தில் தக்காளி ஆயவும் கிழவிகளைப் பார்க்கவும் ஆள் வேணும்.

லண்டன் கதையையும் மறக்காதேங்கோ. பிள்ளையின் இங்கிலீசுக்காக ஜேர்மன் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்குக் குடிபோன எங்கட சனம் எத்தனை! அந்த ஒன்றியம் தந்த வசதியை எங்களைப்போல அனுபவித்தவர் குறைவு. எல்லையை எங்கள் கையில் எடுப்போம் என்று 2016இல் வாக்குப்போட்டு வெளியே போன பிரித்தானியாவுக்குத்தான் பிறகு ஒரே வருடத்தில், போனவர்களைக் கழித்து, 9 இலட்சம் பேர் கூடினார்கள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மாடியில் ஷிஃப்டுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளியில் பிறந்தவர்கள். ஒரு பாட்டியின் மகன் ஞாயிறுகளில் வருவார், நல்ல மனிதர், கோப்பிக்குப் பலகாரம் கொண்டுவருவார். ஏ.எஃப்.டிக்குத்தான் போடுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். என் முகம் மாறியதைக் கண்டதும் அவசரமாக, "உங்களைச் சொல்லவில்லை" என்றார். அவருடைய அம்மாவைத் தூக்கி இருத்திக்கொண்டிருந்த கை இது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அண்ணைக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர் நம்பிவிட்டார். பெர்லினுக்குப் பக்கத்தில் பொட்ஸ்டாமுக்குக் கிட்ட ஏ.எஃப்.டிக்காரர் சிலரும் சேர்ந்து கூடிப் பேசிய கதை 2024 ஜனவரியில் வெளியே வந்தபோது, ஜேர்மன் பாஸ்போர்ட் எடுத்தவர்களையும் திருப்பி அனுப்புவது பற்றிக் கதைத்ததாகத்தானே செய்தி இருந்தது? இலட்சக்கணக்கில் வெள்ளைக்காரர் குளிரில் தெருவில் இறங்கினார்களே, யாருக்காக?

2024 மேயில் ஒன்றியம் அகதிகள் பற்றி ஒரு புது உடன்பாடு போட்டது. ஆளை எடு, இல்லாவிட்டால் தலைக்கு 20,000 யூரோ கட்டு என்று. போலந்தும் ஹங்கேரியும் அதையும் எதிர்த்து வாக்களித்தன. எனக்கும் அந்த உடன்பாட்டில் கன விஷயம் பிடிக்கவில்லை, எல்லையிலேயே அடைத்துவைத்து விசாரிப்பது முக்கியமாக. ஆனால் பங்கு என்ற பேச்சாவது அதில் இருக்கிறது. அண்ணையின் பேச்சில் அதுவும் இல்லை.

"சங்கத்தின் பெயர் கெடும், பதிவை எடு" என்று இன்பொக்சில் வருகிற அண்ணாமாரும் அக்காமாரும் கீழே எல்லாரும் பார்க்க எழுதுங்கோ. எழுதும்போது எந்த வருடம், எந்த வழியால் வந்தீர்கள் என்பதையும் போடுங்கோ.