கேக் அலங்காரமாம்!

நேற்றைய கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். நான் திரையில் போட்ட பழைய கணப்பு (குளிர்காய வீட்டுச் சுவரில் கட்டும் நெருப்பிடம்) டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "அடுப்புக்கு எதுக்குங்க இவ்வளவு கேக் அலங்காரம்?" என்றார் அந்த மூத்தவர். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். அது அலங்காரம் இல்லை. அந்தக் காலக் குளிர்நாட்டு வீட்டில் மாதக்கணக்கில் நாற்காலிகளெல்லாம் நெருப்பைப் பார்த்துத்தான் கிடக்கும். எல்லார் கண்ணும் போய் நிற்கிற சுவர் அது. சொல்ல வந்ததை அங்கே சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் லண்டனில் தனக்கென்று கட்டிக்கொண்ட டவர் ஹவுஸ் நூலகத்தில், கணப்பின் மேல் பாபேல் கோபுரத்தையே, பைபிள் கதையில் மனிதர்களின் மொழி குழம்பிப்போன அந்தக் கோபுரத்தையே, நிறுத்தினார். ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருக்க, ஹெச் மட்டும் கீழே விழுந்து கிடக்கும். பேச்சில் ஹெச்சை விழுங்கும் லண்டன்காரர்களைப் பற்றிய கிண்டல். எந்த பேக்கரியில் இப்படிக் கேக் போடுகிறார்கள்?

"அதெல்லாம் பணக்காரன் காசு" என்பீர்கள். ஆமாம். வேல்ஸில் அவர் காஸ்டெல் கோக் கோட்டையைக் கட்டியது பியூட் பிரபுவுக்காக. கார்டிஃப் துறைமுகமும் நிலக்கரியும் கொட்டிய பணம். விடுங்கள். அங்கே கணப்பின் மேல் மனித ஆயுளை நூலாகக் கையில் வைத்திருக்கும் மூன்று விதிதேவதைகள். ஒருத்தி நூல் நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி வெட்டுகிறாள். பர்ஜஸின் நூல் 1881இல் அறுந்தது. கோட்டையின் உள்வேலை முடிந்தது 1891இல். அவர் விட்டுப்போன வடிவமைப்பை வைத்துக்கொண்டு கூட வேலை பார்த்தவர்கள் முடித்தார்கள். வரைந்த தாளின் மதிப்பு இப்போது புரிகிறதா?

"புகை ஒழுங்கா போனா போதாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். போகத்தான் வேண்டும். கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவரைச் சாய், புகை மேலேறும் தொண்டையை ஒடுக்கு என்று விஞ்ஞானி ரம்ஃபோர்ட் 1790களிலேயே சொல்லிவிட்டார். முன்பக்கத்தைக் காட்டும் எலிவேஷனில் தேவதை நின்றால், உள்ளே வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் புகைக்குழாய் இருக்கும். தம்பி செக்‌ஷனையும் பார்த்திருக்கலாம்.

அப்புறம், அந்த மூத்தவர் வீட்டு ஹாலுக்கு நான் போயிருக்கிறேன். டிவிக்குப் பின்னால் இத்தாலியன் மார்பிள், சுற்றி எல்இடி, மேலே மூன்றடுக்கு ஃபால்ஸ் சீலிங். அது என்ன, வெண்பொங்கலா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. என் முதல் வேலையில் ஒரு தேக்குக் கதவுக்குப் பதினொரு நாள் உட்கார்ந்து டிரேசிங் தாளில் இங்க் பென்னால் வரைந்தேன், ஒவ்வொரு இதழாக. முதலாளி பார்க்க வந்தார். பேசிக்கொண்டே டீ கிளாஸை அதன் மேல் வைத்தார். எடுத்தபோது பூவேலையின் நடுவில் பழுப்பு வட்டம். "பரவால்ல, பூவோட பூவா இருக்கட்டும்" என்றார். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தத் தாள் இன்னும் என் பரணில் சுருட்டிக் கிடக்கிறது. வட்டம் மங்கவே இல்லை.